வராத ஆளின் துண்டு

டிசம்பர் 4, 2024. புதன்

காலமை வேலைக்கு வெளிக்கிடப் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஸ்டீல்ஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நின்றேன். பாண் பக்டறியில் பெல்ட் இரண்டு தரம் நின்றுபோனது, சுப்பவைசர் அதற்கும் எங்களைத்தான் பேசினான். முழங்கால் வலி. இதெல்லாம் நாளாந்தம் நடக்கிறதுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனைத் திறந்தால் குடும்பக் குறூப்பில் பேபியின் படங்கள். பேபி என் ஒரே தங்கச்சி. பிரான்சில் மலைப்பக்கம், ஐந்நூறு சனம் இருக்கிற ஒரு ஊரில், முதியோர் விடுதியில் சமையல் வேலை செய்கிற புருஷன் றெமிஜியஸோடும் ஒன்பது வயது மகள் மெலனியோடும் இருக்கிறாள். ஜன்னல் உயரத்துக்கு விறகு அடுக்கின ஒரு படம். ஓட்டைச் சட்டியில் மரோன் சுடுகிற ஒரு படம். மரோன் என்பது ஒரு கொட்டை, பலாக்கொட்டைக்குத் தம்பி மாதிரி. பிள்ளை தட்டில் பஞ்சு விரித்துக் கோதுமை தூவுகிற ஒரு படம். இன்றைக்குப் புனித பார்பரம்மாள் திருநாளாம், இன்றைக்குப் போட்டால் நத்தாருக்கு முளைத்துவிடுமாம், அந்தப் பச்சையைப் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். சனம் கீழே இதயம் இதயமாகப் போட்டிருந்தது.

ஐயா படுக்கையில் கிடந்த எட்டு வருடமும் இப்படித்தான். நான் ஐயாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகுப் புண்ணுக்கு மருந்து பூசின நேரம் அவள் சூப் படம் அனுப்பினாள். போன பெப்ரவரி ஒன்பதாம் திகதி ஐயா கண்ணை மூடினார். அதற்கும் வரவில்லை. பெத்த தகப்பன். வரேல்லை. வராதவளுக்கு மரண அறிவித்தலில் என்ன இடம்? பெயரை விட்டேன். நான் தெரிந்துகொண்டே விட்டதுதான். சனம் கேட்டது. கேட்கட்டும்.

வருகிற பெப்ரவரி முதலாம் ஆண்டு. நினைவுக் காட் அடிக்கிற அலெக்ஸாண்டர் அண்ணை ஜனவரி பத்துக்குள் பிள்ளைகளின் பெயர்களை எழுதித் தரட்டாம். அதிலும் அவளின் பெயர் வராது. ஆண்டவர் சாட்சி.

பின்னேரம் பிரியந்தன் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான். என் மகன் தானாகத் தேத்தண்ணி போட்டால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும்.

"அம்மா, நத்தாருக்குச் சித்தியாக்கள் கனடாவுக்கு வருகினம். நான்தான் கூப்பிட்டனான்."

தேத்தண்ணிக்குச் சீனியும் போடேல்லை உவன்.

டிசம்பர் 5

செபமாலையில் ஐந்து பத்தும் அவளின் முகம்தான் வந்தது. மாதாவே, இது என் பிழை இல்லை.

டிசம்பர் 21, சனி

எயர்போட்டுக்கு நான் போகவில்லை. முழங்கால் என்று சொன்னேன்.

கதவைத் திறக்க பேபி நின்றாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. தலை அரைவாசி நரைத்துவிட்டது, என்னை விட எட்டு வயது இளமை அவளுக்கு. கட்டிப்பிடித்து அழுதாள். நான் கையைத் தூக்கினேனா, இல்லையா? தூக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு கையில் அகப்பை இருந்தது.

அத்தான் செத்த பிறகு எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். என் மனிசன் போய்ப் பன்னிரண்டு வருடம். இப்ப கேக்கிறா.

சூட்கேசுக்குள் இருந்து சீஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்கள். மாட்டுத் தொழுவம் வீட்டுக்குள் வந்த மாதிரி மணம். பிரியந்தன் அதைப் பாணில் பூசித் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்கிறான். என்னுடைய கருவாட்டுக் குழம்புக்கு மூக்கைப் பொத்துகிற பிள்ளை.

ஒரு கேள்விதான் அவளிடம் கேட்க இருக்கிறது. ஏன் வரேல்லை? இன்றைக்குக் கேட்கவில்லை. பிள்ளை முன்னால் நின்றது.

டிசம்பர் 22, ஞாயிறு

பூசைக்கு வெளிக்கிட்டுக் கீழே வந்தால் வீடு ஐஸ்பெட்டி. எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. வெளியில் மைனஸ் பன்னிரண்டு. காலமையில் பத்து நிமிடம் வீட்டுக்குக் காத்துப் பிடிக்கவேணுமாம், அவர்களின் ஊரில் எல்லாரும் அப்படியாம். நான் ஹீற்றரைப் பத்தொன்பதுக்கு மேல் விடாமல், சால்வையும் சொக்ஸும் போட்டுக்கொண்டு இருக்கிறவள். என்ர சூட்டை ரோட்டுக்கு ஊத்துறாள்.

பூசையால் வந்து பார்த்தால் பயத்தம் பணியாரத்துக்கு வைத்த பயறில் ஒரு சுண்டு அளவைக் காணவில்லை. பிள்ளை என் நல்ல பீங்கான் தட்டுகள் மூன்றில் பஞ்சு விரித்து, பயற்றைப் பரப்பி, தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறது. கோதுமை என்றால் இனி நேரம் காணாதாம், பயறு என்றால் மூன்று நாளில் வந்துவிடுமாம். அது உண்மைதான். ஆனாலும் கேட்டு எடுக்கத் தெரியாதோ?

"பெரியம்மா, நீங்கள் கோயில்ல. எனக்கு அவசரம்" என்றது. அடிக்கவா சிரிக்கவா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

இன்றைக்கு வீட்டில் அலாம் அடித்தது. சீனக் கடையில் மரோன் கண்டுவிட்டார்களாம், இரண்டு பை வாங்கி வந்து என் தோசைக்கல்லில் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குக் கீறல் போட மறந்து அது வெடித்திருக்கிறது. நான் வேலையால் வரும்போது பிரியந்தன் கதிரையில் ஏறி நின்று அலாமுக்குத் துவாயால் விசிறுகிறான், றெமிஜியஸ் தோசைக்கல்லைச் சுரண்டுகிறார், பேபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இருபது வருடம் முட்டைகூடப் பொரிக்காமல் பழக்கின கல்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிள்ளையிடம்தான் சொன்னேன், தாய்க்குக் கேட்கிற மாதிரி. உங்களுக்கு நெருப்பும் கொட்டையும் படம் எடுத்து ஊருக்குக் காட்டுறதுதானே வேலை என்று.

பிள்ளை கோபிக்கவில்லை. விளக்கம் சொன்னது. படம் குறூப்புக்காம். நெருப்பு தாத்தாவுக்காம்.

"ஒவ்வொரு நாளும் தாத்தா போன்ல நெருப்புப் பார்ப்பார். நாங்கள் கதைக்க மாட்டம். சும்மா நெருப்பு. பிறகு நித்திரை ஆயிடுவார்."

பகல் இரண்டு மணிக்காம், நான் வேலையில் நிற்கிற நேரம். அங்கே இரவு எட்டு மணி. நான் இல்லாத நேரம் ஐயாவைப் பராமரிக்க வருகிற பிள்ளைதான் போனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். எத்தனை வருடம்? மூன்று பனிக்காலமாம்.

எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கழுவினது நான், ஊட்டினது நான், அவர் சிரிச்சது அவளின்ர அடுப்பைப் பாத்து. ஐயாவும் எனக்கு ஒளிச்சிருக்கிறார். ஏன் ஒளிக்கவேணும்? நான் என்ன, போனைப் பறிச்சிருப்பனோ?

பறித்திருப்பேன்.

டிசம்பர் 25, புதன். நத்தார்

நேற்றுப் பின்னேரப் பூசைக்கே போனோம், ரோட்டில் வழுக்கும் என்று. பாடல்கள் நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து பாலனை நானே குடிலுக்குள் வைத்தேன். மூன்று தட்டுப் பயறும் பச்சைப் பசேல் என்று குடிலைச் சுற்றி நின்றது. வடிவுதான். சொல்லவில்லை.

காலமை செபிக்க வந்தேன். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் முன்னால், பாலனின் காலடியில், ஐந்து சோடிச் சப்பாத்து. றெமிஜியஸின் பனிச் சப்பாத்து, உப்புப் படிந்தது, ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒட்டகம் உயரத்துக்கு நிற்கிறது. என்னுடைய வேலைச் சப்பாத்தும். மா படிந்தபடியே.

நான் கத்தினேன். இது பீடம், செருப்பு வைக்கிற றாக்கை இல்லை என்று கத்தினேன். மேலே இருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர்களின் ஊரில் சப்பாத்துக்குள்தானாம் பரிசு வரும். என்னுடையதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிப் பிள்ளை அழுதது. பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தூக்கி வாசலில் வைத்தேன்.

பிறகு வேலைச் சப்பாத்தில் மாவைத் துடைக்க எடுத்தால் உள்ளே ஒரு தோடம்பழம், இலையோடு. முழங்காலுக்குப் பின்னிய கம்பளி உறை ஒரு சோடி. பேபி பின்னியது என்று தெரிகிறது, அவளுக்குச் சின்னனில் இருந்து முடிச்சுப் போட வராது.

போடவில்லை. இன்றைக்கு வலி கூட.

டிசம்பர் 29, ஞாயிறு

றெமிஜியஸ் மன்னார் ஆள், அதிகம் கதைக்காது. இன்று வாசலில் பனி தள்ளும்போது நான் உப்புப் போட்டுக்கொண்டு நின்றேன். பனிச் சவளை ஊன்றிக்கொண்டு ஒன்று கேட்டார்.

"அக்கா, ஆண்டுக் காட்டில பேபியின்ர பேர் வருமோ?"

"காட் சின்னது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மிச்சப் பனியைத் தள்ளினார். பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளினார். எனக்கு அந்த மனிசனிலும் கோபம். திருப்பிக் கதைத்திருக்கலாம்.

ஜனவரி 1, 2025

புதுவருடப் பூசை. சமாதானத்தைப் பற்றித்தான் பிரசங்கம். பாதர் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அவருக்கு யார் சொன்னது? பிரியந்தனாய்த்தான் இருக்கும்.

ஜனவரி 5, ஞாயிறு. மூவிராசாக்கள் திருநாள்

ஒழுங்காக எழுதவேண்டும்.

பூசைக்குப் பிறகு பேபி ஒரு கேக் போட்டாள். வட்டம், தட்டை, உள்ளே பாதாம் மா. இன்றைக்கு அங்கே வீட்டுக்கு வீடு இதுதானாம். உள்ளே ஒரு பீங்கான் பொம்மை ஒளித்து வைப்பார்களாம். என்ன பொம்மை என்று கேட்டேன். பாலன் யேசுவாம், புளியங்கொட்டை அளவு.

பாலனை மாவுக்குள்ள வைச்சு ஓவனில வேகவைக்கிறாளவை! நான் அதில் ஒரு துண்டும் தொடமாட்டேன், எனக்கு வெட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் போகவும் மனம் வராமல் குசினி வாசலில் நின்றேன்.

முறை இப்படி. சின்ன ஆள் மேசைக்குக் கீழே போகவேண்டும். தாய் ஒரு துண்டைத் தொட்டு இது யாருக்கு என்று கேட்க, பிள்ளை பார்க்காமல் பெயர் சொல்லும். பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ அவர்தான் ராசா, கடதாசி முடி அவருக்கு, அடுத்த கேக்கும் அவர்தான் கொடுக்கவேண்டும். பிரியந்தனுக்கு, பப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு என்று கீழே இருந்து சத்தம் வந்தது. நான்கு பேருக்கும் கொடுத்தாயிற்று. தட்டில் ஒரு துண்டு மிச்சம்.

எனக்குத்தான் வெட்டியிருக்கிறாள், சொல்லச் சொல்லக் கேட்காமல் என்று நினைத்தேன். பேபி சொன்னாள், இல்லை அக்கா, இது எப்பவும் வெட்டுறது, வராத ஆளின்ர துண்டு, வந்தால் குடுக்கிறதுக்கு என்று.

அதைக் கேட்டதும் எனக்குள் இருந்தது வெளியில் வந்துவிட்டது.

"வராத ஆளுக்குத் துண்டு வைக்கத் தெரியுது. ஐயாவின்ர செத்தவீட்டுக்கு வரத் தெரியேல்லை உனக்கு."

ஒருவரும் மெல்லவில்லை. மெலனி மேசைக்குக் கீழேதான் இன்னும். பேபி கத்தியைத் துடைத்தாள், மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அக்கா, நீங்கள்தானே வரவேண்டாம் எண்டனீங்கள்."

நான் சொல்லேல்லை. பொய். நான் அப்பிடிச் சொல்லுறவளோ? கோயில் வாசலில் மறிப்பன் என்று சொன்னேனாம். டிக்கற் எடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் அடித்தாளாம். நான் குடிலைக் காட்டிச் சத்தியம் பண்ணினேன். பாலனின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன், நான் சொல்லவில்லை என்று. பேபி மகளை மேசைக்குக் கீழே இருந்து வெளியே எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பொம்மை ஒருவருக்கும் வரவில்லை.

நான் எழுதுகிறவள். ஒவ்வொரு நாளும் எழுதுகிறவள். போன வருடக் கொப்பி கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் கிடக்கிறது. நாளைக்கு வேலையால் வந்து எடுத்து, அவளின்ர மூஞ்சைக்கு முன்னால விரிச்சுக் காட்டுவன்.

ஜனவரி 6, திங்கள்

எடுத்தேன்.

அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"பெப். 10. பேபி போன் அடிச்சாள். திங்கக்கிழமைப் பிளேனுக்கு டிக்கற் எடுத்திட்டாளாம். எட்டு வருசம் எட்டிப் பாராதவள் இப்ப பெட்டி பாக்க வரவேண்டாம் எண்டு சொன்னன். வந்தால் கோயில் வாசலில சனத்துக்கு முன்னால மறிப்பன் எண்டன். அழுதாள். வைச்சுப்போட்டன். மனம் ஆறுதல்."

என் எழுத்துத்தான். என்னுடைய வளைந்த 'ள'. அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

அடுத்த பக்கத்தில், இரண்டு நாள் கழித்து: "பேபி வரேல்லை. பெத்த தகப்பனுக்கு வரேல்லை. இதை நான் மறக்கமாட்டன்."

இரண்டு நாள்தான் சென்றிருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் படுக்கவில்லை, பிரேதசாலை, கோயில், சாப்பாடு என்று ஓடினேன், அது உண்மை. ஆனாலும். ஒரு வருசம் முழுக்க அவளைப் பேசினனே. கோயிலில, பஸ்ஸில, வேலையில, மாதாவுக்கு முன்னால. எல்லாருக்கும் சொன்னனே வரேல்லை எண்டு. நேற்றுப் பாலனின்ர தலையில கைவைச்சுப் பொய்ச் சத்தியம்.

கிளடிஸ், நீ என்ன மனிசியடி?

ஜனவரி 7, செவ்வாய்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் சொன்னேன், சப்பாத்தையும் சேர்த்து. பாதர் பிக்கரிங்கில் வளர்ந்த பெடியன், என் மகனின் வயதுதான் இருக்கும். அருள்நிறை மந்திரம் மூன்று தந்திருந்தால் இந்த முழங்காலில் நின்று முப்பதாய்ச் சொல்லியிருப்பேன். தரவில்லை.

"அன்ரி, அந்தக் கொப்பியை அவவிட்டக் குடுங்கோ. அதுதான் பிராயச்சித்தம்."

வெளியே வந்து பனிக்குள் நின்று அவரையும் பேசினேன். சொல்லுறது சுகம். அவருக்கு அக்கா தங்கச்சி இருக்கோ?

ஜனவரி 8, புதன்

அவர்கள் நாளைக்குப் பிளேன். பேபி குசினியில் சூப்புக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக எங்களுக்குள் உப்பு எங்கே, துவாய் எங்கே என்கிற கதைதான். கொப்பியை விரித்து வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசி என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. நாள் முழுக்கக் கதைக்கிறவள் நான்.

கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். அடுத்த பக்கத்தையும் திருப்பினாள். மனம் ஆறுதல் என்ற இடத்தில் விரலை வைத்தாள். கத்தட்டும், கொப்பியை எறியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எறிந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வரும்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானே அக்கா. நீங்கள்தான் வாசிக்கேல்லை."

பிறகு சொன்னாள், நான் மறிச்சாலும் அவள் வந்திருக்கவேணுமாம். டிக்கற்றைக் கிழித்தது அவளின் கைதானாம். அறிவித்தலில் தன் பெயரைத் தேடித் தேடி மூன்று தரம் வாசித்தாளாம், போனில், அவளும் வேலை செய்கிற முதியோர் விடுதியில் ஆட்களின் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டு நின்ற இடத்தில். நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பெயரை விட்டது மட்டும் நான் மறக்காமல் வைத்திருந்தது.

மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேனா? சொல்லவில்லை போல. லீக்ஸை வாங்கி மிச்சத்தை வெட்டினேன். அவள் வெட்டினது பெரிசு பெரிசு.

அப்போதுதான் மெலனி குளிர்ப்பெட்டியைத் திறந்து வெள்ளித்தாளில் சுற்றின ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தது. மேலே பேனையால் ஒரு முடி கீறியிருந்தது. வராத ஆளின் துண்டு. மூன்று நாள் பழசு.

ஒவ்வொரு வருடமும் மேசைக்குக் கீழே இருந்து இந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லுவாய் என்று பிள்ளையைக் கேட்டேன்.

"பெரியம்மாவுக்கு" என்றது. இது என்ன கேள்வி என்கிற மாதிரி.

நின்றபடியே தின்றேன். இரண்டாவது கடியில் கடைவாய்ப் பல்லில் நறுக்கென்றது. துப்பிப் பார்த்தால் பாலன். பல் விளிம்பு உடைந்துவிட்டது, அவருக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை மேலே ஓடிப்போய்க் கடதாசி முடியைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தது. பிரியந்தன் படம் எடுத்தான். எடுக்காதை எண்டு பேசினன். எடுத்தான்.

அடுத்த கேக் நான்தான் கொடுக்கவேணுமாம். எங்கே என்று கேட்டேன். பேபி சூப்பைத் துழாவிக்கொண்டு சொன்னாள், உங்கட வீட்டு அலாம் கேக்குக்கும் கத்தும், எங்கட வீட்டிலதான் என்று. அந்தக் கதையில் தலையும் இல்லை வாலும் இல்லை. ஆனாலும் சிரித்தோம்.

ஜனவரி 9

முழங்காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொண்டு எயர்போட்டுக்குப் போனேன். இடது உறை கழன்று கழன்று விழுகிறது. முடிச்சுச் சரியில்லை.

ஜனவரி 10, வெள்ளி

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போன் அடித்தது. பேபி. கதைக்கவில்லை, போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நெருப்பு. பக்டறிச் சாப்பாட்டறையில் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு விறகு எரிகிறதில் பார்க்க என்ன இருக்கிறது? மணி அடிக்கும்வரை பார்த்தேன். ஐயாவில் இருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது. என்னையும் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.

வேலை முடிய மில்லிக்கன் பிளாசாவில் இறங்கி, எழுதின தாளை அலெக்ஸாண்டர் அண்ணையின் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றமுன் அவர் போன்.

"தங்கச்சி, இதில பேபி, பிரான்ஸ் எண்டு முதல்லயும், கிளடிஸ், கனடா எண்டு பிறகும் கிடக்கு. நீங்கதானே மூத்தவ. மாறி எழுதிப்போட்டியளோ?"

"மாறேல்லை அண்ணை. போனமுறை விட்டது. அப்பிடியே அடியுங்கோ."

இரண்டு பெயர் என்றால் எழுத்தைச் சின்னனாக்கவேணுமே என்றார். ஐயாவின் படத்தைச் சின்னனாக்கச் சொன்னேன். ஐயா ஒன்றும் நினைக்கமாட்டார்.